ஃபுட்பால் மேனேஜரில் ஜெயித்துக்கொண்டிருந்த டாக்டிக் சீசன் பாதியில் படுத்துவிட்டால் எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கால்பந்து அணியை மேலாளராக இருந்து நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் 24-இல் இந்திய லீக்கில் ஒரு சின்ன அணியை எடுத்து, 4-2-3-1 வடிவத்தில் (பின்னால் நான்கு பேர், நடுக்களத்தில் இரண்டு, அவர்களுக்கு முன்னால் மூன்று, முனையில் ஒரு ஸ்ட்ரைக்கர்), பந்தை இழந்த நொடியே பாய்ந்து பிரஸ் செய்யும், அதாவது எதிரணியை நெருக்கும், டாக்டிக்கோடு (ஆட்டத் திட்டத்தோடு) ஆடுகிறீர்கள். முதல் பாதி சீசனில் பெரிய அணிகளைக்கூட ஜெயித்தீர்கள். இப்போது அட்டவணையின் அடியில் கிடக்கும் அணிகளோடு 0-1, 1-1 என்று போகிறது. வடிவத்தையே மாற்றுவதா, இல்லை இணையத்தில் யாரோ போட்டிருக்கும் 'தோற்காத டாக்டிக்'கை இறக்கிக்கொள்வதா?

இரண்டும் வேண்டாம். உங்கள் டாக்டிக் கெட்டுப்போகவில்லை. உங்களைப் பார்த்து எதிரணிகள் ஆடும் விதம்தான் மாறியிருக்கிறது.

சீசன் தொடங்கும்போது உங்கள் அணி யாருக்கும் பொருட்டில்லை. எதிரணி மேலேறி வந்து ஆடியது, அவர்களுடைய ஸ்டாப்பர்களுக்கு (நடுவில் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு) பின்னால் பெரிய வெட்டவெளி கிடந்தது, நீங்கள் பந்தைப் பறித்த உடனே அந்த வெளிக்குள் ஓடி கோல் அடித்தீர்கள். நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க அணியின் மதிப்பு ஏறுகிறது. கணினி நடத்தும் மேலாளர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு உங்கள் பலத்தையும் தங்கள் பலத்தையும் எடைபோட்டுத்தான் எப்படி ஆடுவது என்று முடிவு செய்கிறார்கள். இப்போது அவர்கள் பத்துப் பேரைப் பின்னால் நிறுத்துகிறார்கள். நீங்கள் ஓடி நுழைந்த வெளி இப்போது இல்லவே இல்லை.

இதை விளையாட்டின் விசித்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இருப்பது குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், கேரள எல்லையை ஒட்டி. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி, அதைத் தாண்டினால் பொழியூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் பந்து உருளும். இங்கே டூர்ணமென்ட்டில் ஒரு ஊர் அணி ஒருமுறை பெரிய அணியைக் கவிழ்த்துவிட்டால், அடுத்த முறை அதே அணிக்கு எதிராக யாரும் திறந்து ஆட மாட்டார்கள். எல்லோரும் தங்கள் கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி பெட்டிக்குள் இறங்கி நிற்பார்கள். ஜெயித்த அணி அப்போது புதிதாக ஒன்றைக் கற்றாக வேண்டும். உங்கள் அணி இப்போது நிற்பது அந்த இடத்தில்.

சரி, என்ன செய்வது? முதலில் பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள். ஆட்டத்தை 'முக்கியக் காட்சிகள்' அளவில் பார்த்தால் கோல்களும் தவறிய வாய்ப்புகளும் மட்டும்தான் தெரியும். நீங்கள் தோற்றதன் காரணம் அந்தக் காட்சிகளுக்கு இடையில் இருக்கிறது. சமீபத்தில் தோற்ற ஓர் ஆட்டத்தை எடுத்து, முதல் அரைமணி நேரத்தை முழுவதுமாக ஓடவிடுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். உங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது உங்கள் இரண்டு ஃபுல் பேக்குகளும் (இரு ஓரத் தற்காப்பாளர்களும்) நடுக்களத்து இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

கூடவே விளையாட்டின் புள்ளிவிவரப் பக்கமான டேட்டா ஹப்பில் எக்ஸ்ஜி (xG) கணக்கைப் பாருங்கள். ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை 0-க்கும் 1-க்கும் இடையில் சொல்லும் எண் அது. பெனால்டிக்கு ஏறக்குறைய 0.76 முதல் 0.79 வரை கொடுப்பார்கள். நீங்கள் 18 ஷாட் அடித்து மொத்த எக்ஸ்ஜி 0.9 மட்டும் என்றால், ஒரு ஷாட்டுக்கு 0.05. அதாவது உங்கள் ஆட்கள் பெட்டிக்கு வெளியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார்கள். 'இருபது ஷாட் அடித்தும் தோற்றேன், விளையாட்டு ஏமாற்றுகிறது' என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆனால் எக்ஸ்ஜி 2.0-ஐத் தாண்டியும் கோல் விழவில்லை என்றால் கதை வேறு. அப்போது டாக்டிக்கைத் தொடவே கூடாது. இன்னும் சில ஆட்டங்களில் அது தானே நேராகும், இல்லையென்றால் கோல் அடிப்பவரை மாற்றினால் போதும்.

உங்கள் விஷயத்தில் முதல் வகைதான் என்று நினைக்கிறேன். அதற்கான மருந்து, எல்லோரும் செய்வதற்கு நேர் எதிரானது. கோல் வரவில்லை என்றவுடன் மென்டாலிட்டியை, அதாவது அணி எவ்வளவு துணிந்து ஆட வேண்டும் என்று சொல்லும் அமைப்பை, 'அட்டாக்கிங்' பக்கம் ஏற்றுவோம். ஆனால் அது வெறும் துணிச்சலின் அளவு மட்டும் இல்லை. அதை ஏற்றினால் பாஸின் வேகம் கூடும், பாஸ் நேராகப் போகும், அகலம் கூடும், பேக் லைன் மேலேறும், பிரஸ்ஸிங்கும் கூடும். பத்துப் பேர் அடைத்து நிற்கும் பெட்டிக்குள் அவசரமாகப் பந்தைத் தள்ளினால் அது அவர்கள் காலில்தான் விழும். பிறகு அங்கிருந்து ஒரே ஒரு நீண்ட பாஸ், உங்கள் கோலிக்கு முன்னால் ஒற்றை ஃபார்வர்டு. நீங்கள் சொன்ன 0-1 எல்லாம் இப்படித்தான் வந்திருக்கும்.

ஆகவே மென்டாலிட்டியை ஒரு படி இறக்குங்கள். டெம்போவை (ஆட்டத்தின் வேகத்தை) சற்றுக் குறையுங்கள். பெட்டிக்குள் கொண்டுபோய் அடிக்கச் சொல்லும் கட்டளையைப் போடுங்கள். எதிரணியை இடம் வலமாக நகர்த்தினால்தான் அவர்களுக்கு நடுவில் இடைவெளி திறக்கும், அதற்குப் பொறுமை வேண்டும்.

அடுத்தது ரோல்கள், அதாவது ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நீங்கள் கொடுக்கும் வேலை. ஒவ்வொரு ரோலோடும் டிஃபெண்ட், சப்போர்ட், அட்டாக் என்று ஒரு டியூட்டியும் வரும்; அவர் எவ்வளவு மேலேறுவார் என்பதை அது சொல்லும். இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். வடிவம் என்பது ஆட்டம் தொடங்குவதற்கு முன் நிற்கும் இடம் மட்டும்தான். ஆட்டத்தில் உங்கள் அணி எடுக்கும் உண்மையான வடிவத்தை ரோலும் டியூட்டியும்தான் தீர்மானிக்கின்றன. இரண்டு விங் பேக்குக்கும் (மேலேறி ஆடும் ஓரத் தற்காப்பாளர்களுக்கும்) அட்டாக் டியூட்டி, நடுவில் இரு பெட்டிகளுக்கும் இடையே ஓடும் ஒரு பாக்ஸ்-டு-பாக்ஸ், பக்கத்தில் ஒரு பால்-வின்னிங் மிட்ஃபீல்டர் என்று பலரும் போட்டிருப்பார்கள். பால்-வின்னிங் மிட்ஃபீல்டர் என்ற பெயரைப் பார்த்தால் தற்காப்பு ஆள் போலத் தோன்றும். அவர் பந்தைத் துரத்திக்கொண்டு தன் இடத்தை விட்டு ஓடிவிடுவார். ஆக, நீங்கள் தாக்கும்போது பின்னால் இரண்டு ஸ்டாப்பர்கள் மட்டும் அநாதையாக நிற்பார்கள்.

எங்கள் ஊரில் ஸ்டாப்பர் பேக்காக ஆடிய ஒரு அண்ணன் இருக்கிறார். கம்ப்யூட்டர் விளையாட்டு எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "எலே மக்கா, ரெண்டு பேக்கும் மேல போயாச்சு. பின்னால ஆரு நிப்பா?" டாக்டிக் திரையைத் திறக்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான். ஒருவர் மேலே போனால் அவருடைய இடத்தை யார் காப்பது? ஒவ்வொரு அட்டாக் டியூட்டிக்கும் இந்தக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் இருக்க வேண்டும்.

இதற்கு எங்கள் கடற்கரையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், ஜாம்ஷெட்பூருக்கு ஆடியபோது முன்களத்தில் தாக்கும் ஆட்டக்காரர். 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.வுக்குப் போனதும், பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் அவரை 3-5-2 வடிவத்தில் இடது விங் பேக்காக ஆட வைத்தார். தாக்கும் ஆளைப் பின்னால் தள்ளிவிட்டாரே என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் பின்னால் மூன்று ஸ்டாப்பர்கள் இருந்ததால் இடது பக்கம் முழுவதையும் அவர் தைரியமாக எடுத்துக்கொண்டு மேலேற முடிந்தது. அந்த சீசனில் ஏ.டி.கே.தான் சாம்பியன். 2020 மார்ச் 14 அன்று கோவாவில் ஆளில்லா மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்.சி. அணியை 3-1 என்று ஜெயித்தது. பின்னால் காவல் இருந்தால்தான் முன்னால் சுதந்திரம் என்பதற்கு இதைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் வேறு இல்லை.

உங்கள் 4-2-3-1-இல் இதை எப்படிச் செய்வது? ஒரு பக்க விங் பேக்குக்கு மட்டும் அட்டாக் டியூட்டி கொடுங்கள். மறுபக்கத்தவர் ஃபுல் பேக்காக சப்போர்ட்டிலோ டிஃபெண்டிலோ இருக்கட்டும். நடுக்களத்து இருவரில் ஒருவருக்கு டிஃபெண்ட் டியூட்டி கொடுத்து, இடத்தை விட்டு நகராத ரோலில் வையுங்கள். விங் பேக் ஏறும் பக்கத்தில் அவரை நிறுத்துவது நல்லது. அதே பக்கத்து விங்கர் உள்ளே வெட்டி வருபவராக இருந்தால் விங் பேக்குக்கு ஓரம் திறக்கும். இருவரும் ஓரத்திலேயே ஓடினால் ஒருவரையொருவர் அடைத்துக்கொள்வார்கள். ஸ்ட்ரைக்கருக்கும் அவருக்குப் பின்னால் உள்ளவருக்கும் சேர்த்து அட்டாக் டியூட்டி வேண்டாம். ஒருவர் இறங்கி வந்து பந்து வாங்கினால்தான் எதிரணி ஸ்டாப்பர் கூடவே வெளியே வருவார்.

ஒரு ரோலுக்கு ஓர் ஆட்டக்காரர் எவ்வளவு பொருத்தம் என்று காட்ட, ரோலுக்குப் பக்கத்தில் தெரியும் பச்சை வட்டத்தை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அந்த ரோலுக்கு உண்மையில் என்ன திறன் தேவை என்று 1 முதல் 20 வரையுள்ள எண்களில் நீங்களே பாருங்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், தலையில் காயம்பட்ட ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை ஃபார்வர்டாக ஆட வைத்தார். இறுதியாட்டத்தில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தபோது ஒரு கோல் ஜர்னைலுடையது. உயரத் தாவும் திறனும் ஹெடிங்கும் அஞ்சாமையும் உள்ள ஆள் ஸ்டாப்பராக மட்டும்தான் பயன்படுவார் என்று யார் சொன்னது?

பிரஸ்ஸிங் பற்றி. முன்வரிசையை மேலேறிப் பிரஸ் செய்யச் சொல்லிவிட்டு, பயத்தில் டிஃபென்சிவ் லைனை (தற்காப்பு வரிசையை) கீழே இறக்கி வைப்பது பலர் செய்யும் வேலை. இரு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து சேர்ந்து இழுக்க வேண்டிய கரைமடி வலையில் ஒரு கயிற்றை மட்டும் இழுப்பது போன்றது அது. நடுவில் திறந்துகிடக்கும் இடத்தில் எதிரணியின் நடுக்களத்தார் திரும்பி நின்று பாஸ் போடுவார்கள். ஏற்றினால் இரண்டையும் ஏற்றுங்கள், இறக்கினால் இரண்டையும் இறக்குங்கள். உங்கள் ஸ்டாப்பர்களுக்கு வேகம் இல்லையென்றால் இரண்டையும் நடுவில் வைப்பதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று, களைப்பு. சீசனின் பின்பாதியில் அறுபதாவது நிமிடத்துக்கு மேல்தான் அதிக கோல் வாங்குகிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் டாக்டிக்கில் தவறு இல்லை, கால்களில் தெம்பு இல்லை. முன்னிலை பெற்றதும் பிரஸ்ஸைக் குறைப்பதும், ஆட்களைச் சுழற்றுவதும்தான் வழி. அடைத்து ஆடும் அணிகளுக்கு எதிராக கார்னரும் ஃப்ரீ கிக்கும் பொன். 24-ஆம் பதிப்பில் இந்த செட் பீஸ்களைத் திட்டமிடும் பகுதியைப் புதிதாக்கியிருக்கிறார்கள், ஒரு மாலை அங்கே உட்காருங்கள்.

இறக்குமதி டாக்டிக் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் கௌரவம் அல்ல. அதைச் செய்தவர் வேறு ஆட்டக்காரர்களை வைத்துச் செய்திருப்பார். அது வேலை செய்தாலும் ஏன் செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, நின்றுபோனாலும் ஏன் நின்றது என்று தெரியாது. இப்போது இருக்கும் அதே இடத்துக்குத் திரும்ப வருவீர்கள். அதோடு, புது வடிவம் போட்டவுடன், டாக்டிக் அணிக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்று விளையாட்டு கணக்கிடும் பழக்க அளவு இறங்கிவிடும். ஆட்டக்காரர்கள் அதைக் கற்று முடிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும்.

டாக்டிக்குகளைத் தயாராக வைத்துக்கொள்ள விளையாட்டு தரும் மூன்று இடங்களையும் மூன்று வடிவங்களுக்குச் செலவழிக்காதீர்கள். மூன்றிலும் அதே 4-2-3-1 இருக்கட்டும். ஒன்று சம பலமான அணிகளுக்கு, இப்போது நீங்கள் ஆடுவதே. இன்னொன்று அடைத்து ஆடுபவர்களுக்கு, நான் மேலே சொன்ன பொறுமையான வகை. மூன்றாவது முன்னிலையைக் காப்பதற்கு, லைன் சற்று இறங்கி, நேரத்தைக் கடத்தும் வகை. வடிவம் ஒன்றாகவே இருப்பதால் பழக்கம் அதிகம் கெடாது.

மாற்றங்களை ஒரே நாளில் எல்லாம் செய்துவிடாதீர்கள். முதலில் ஃபுல் பேக்கும் நடுக்களமும், அதை ஐந்தாறு ஆட்டம் அப்படியே விடுங்கள். ஒரு தோல்வியைப் பார்த்துத் திருப்பிப் போடாமல், வாங்கும் எக்ஸ்ஜி (எதிரணியின் ஷாட்களுக்கான எக்ஸ்ஜி) குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அதை நிலைநிறுத்திவிட்டு மென்டாலிட்டிக்கும் டெம்போவுக்கும் வாருங்கள். அப்புறமும் பிடிபடவில்லை என்றால், கடைசி ஐந்து ஆட்டங்களில் அடித்த, வாங்கிய எக்ஸ்ஜியையும், நடுக்களத்து இருவரின் ரோலையும், உங்கள் ஸ்டாப்பர்களின் வேகத்தையும் இங்கேயே எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.