டைசன் விழுந்த அந்தப் பத்தாவது சுற்று

இயல்புதான், பஸ்டர் டக்ளஸிடம் மைக் டைசன் வீழ்ந்த 1990 டோக்கியோ குத்துச்சண்டை ஆட்டத்தின் பதிவைப் பார்த்ததிலிருந்து ஒரு வாரமாக உறக்கம் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களை வாட்டுவது தோல்வியைவிட, டைசன் தரையில் தவழ்ந்து, கழன்று விழுந்த பல்காப்பைத் துழாவி எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் வாயில் கவ்வியபடி எழ முயன்ற அந்தச் சில நொடிகளாகத்தான் இருக்க வேண்டும் (என்னையும் வெகுநாள் துரத்தியது அதுதான்).

அந்தத் துண்டுக் காட்சியை விட்டுவிட்டு, முழு ஆட்டத்தையும் வர்ணனையின் ஒலியை அடக்கிவிட்டு முதல் சுற்றிலிருந்து பாருங்கள். டக்ளஸின் இடக்கை ஜாப் (நேராக நீட்டி விடும் விரைவான குத்து) தொடக்கம் முதலே டைசனின் முகத்தில் விழுந்துகொண்டிருப்பதும், எட்டாவது சுற்றில் டைசனே டக்ளஸைத் தரையில் சாய்த்ததும் தெரியும். தோல்வி திடீரென வந்ததன்று என்று கண்டால் அதிர்ச்சி தணியக்கூடும்.

ஆனால் உறக்கமின்மை இன்னும் சில வாரங்கள் நீடித்தால், காரணம் குத்துச்சண்டைக்கு வெளியேயும் இருக்கலாம். அப்போது மருத்துவரைப் பாருங்கள்.