5ஆம் நாளில் ஒரே ஒரு கரு: மீடியத்தை மாற்றச் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஐவிஎஃப் சிகிச்சையில் 9 முட்டைகள் கருவுற்றன. 3ஆம் நாளில் 7 கருக்கள் நன்றாக இருந்தன. 5ஆம் நாளில் ஒன்றுதான் பிளாஸ்டோசிஸ்ட் (கருப்பையில் வைக்கத் தக்க வளர்ச்சி பெற்ற கரு) ஆனது. அடுத்த முறை வேறு மீடியத்தில் (ஆய்வகத்தில் கரு வளரும் சத்துத் திரவம்) வளர்க்கச் சொல்லலாமா? ஹையலுரோனான் (உடலில் இயற்கையாக உள்ள பசை போன்ற பொருள்) கலந்த மீடியத்துக்குக் கூடுதல் வெள்ளி கட்டலாமா?
- வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: கேட்கலாம். ஆனால் அதற்கு முன் வேறொன்றைக் கேளுங்கள்: அதே வாரத்தில், அதே தொகுதி மீடியத்தில் வளர்ந்த மற்றவர்களின் கருக்கள் எப்படி வந்தன? 40 வயதுக்குட்பட்டவர்களிடம், சரியாகக் கருவுற்ற முட்டைகளில் குறைந்தது 40% 5ஆம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் ஆக வேண்டும் என்பது 2017இல் வியன்னாவில் நிபுணர்கள் வகுத்த அளவு. மற்றவர்களுக்கு அது கிடைத்திருந்தால் பழி மீடியத்தின் மேல் இல்லை. மீடியம் கெட்டால் ஒருவரோடு நிற்காது. 2023 டிசம்பரில் அமெரிக்க நிறுவனம் ஒன்று மெக்னீசியம் விடுபட்ட மீடியத்தைத் திரும்பப் பெற்றது. அந்தத் தொகுதியைப் பயன்படுத்திய ஆய்வகங்களில் பலரின் கருக்கள் வளராமல் நின்றன.

4 முதல் 8 செல் வரும்வரை, அதாவது ஏறக்குறைய 3ஆம் நாள்வரை, கரு முட்டையின் கையிருப்பில்தான் ஓடுகிறது. அதன்பிறகே சொந்த மரபணுக்கள் பொறுப்பேற்கும். குரோமோசோம் கோளாறுள்ள கரு பல நேரம் அங்கேதான் தடுமாறும். 36 வயதில் அது அபூர்வமல்ல.

மீடியத்திலும் விஷயம் உண்டு. தொடக்க நாள்களில் கருவுக்குப் பைருவேட், லாக்டேட் என்ற சத்துகள் வேண்டும், பிறகு குளுக்கோஸ். இதற்காக 3ஆம் நாளில் மீடியத்தை மாற்றும் ஆய்வகங்களும் உண்டு, ஒரே மீடியத்தில் 5 நாளும் விடும் ஆய்வகங்களும் உண்டு. எது மேல் என்று தீர்ப்பு வரவில்லை. மீடியத்தில் சேர்க்கும் அமினோ அமிலமான சாதாரண குளுட்டமின் 37 டிகிரியில் சிதைந்து அம்மோனியாவாகும். அதனால் இப்போது பெரும்பாலும் அதன் எளிதில் சிதையாத வடிவமான அலனைல்-குளுட்டமின் சேர்க்கிறார்கள்.

கலவை சரியாக இருந்தும் கையாளுகையில் கெடுவதுதான் அதிகம். மீடியத்திலுள்ள பைகார்பனேட் அளவுக்கேற்ப, கருக்களை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு 5-7% இருந்தால்தான் மீடியத்தின் பிஎச் (அமில-கார அளவு) 7.2-7.4இல் நிற்கும். (சிங்கப்பூர் கடல்மட்டத்தில் இருப்பது வசதி, மலை ஊர்களில் இந்த விழுக்காட்டை ஏற்ற வேண்டும்.) 20 மைக்ரோலிட்டர் மீடியத் துளிகளை வரிசையாக வைத்துவிட்டு, அவற்றை மூடும் எண்ணெயை நிதானமாக ஊற்றினால், காற்றோட்ட மேசையில் எண்ணெய் மூடுமுன்பே துளிகளின் நீர் ஆவியாகி உப்புச் செறிவு ஏறிவிடும். கரு அதைத் தாங்காது.

மீடியம் மாற்றுவதும் சும்மா அல்ல. 836 தம்பதியர் பங்கேற்ற நெதர்லாந்து ஆய்வு 2016இல் வெளியானது. அதில் பயன்படுத்தத்தக்க கருக்களை அதிகம் தந்த மீடியத்தில், குழந்தைகளின் பிறப்பு எடை சராசரியாக 158 கிராம் குறைந்தது.

ஹையலுரோனான் மீடியம் கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நேரத்துக்கானது. ஓரளவு பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன; ஆனால் 3ஆம் நாளுக்குப் பின் நின்ற கருவை அது வளர்க்காது. அந்த வெள்ளியைச் செலவிடுமுன், மெதுவாக வளர்ந்த கருக்களை 6ஆம் நாள்வரை விட்டுப் பார்த்தார்களா என்று விசாரியுங்கள். கணவரின் விந்தணு டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனை தேவையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.