மேடையில் எஸ்.பி.பி. பக்கத்தில் நான்!

கேள்வி: எனக்கு வயது 47. ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். போக வர டவுன் பஸ். ஏறி உட்கார்ந்ததும் ஹெட்போனை மாட்டி, எண்பதுகளின் பாட்டுகளைப் போட்டுவிடுவேன். கூடவே இன்னொன்றும் ஓட ஆரம்பித்துவிடும். பெரிய மேடை, மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் நான், பக்கத்தில் எஸ்.பி.பி. ஜானகி அம்மா பாட வேண்டிய வரிகளை நான் பாடுவேன். நடுவில் அவர் ஏதாவது குறும்பு செய்வார், எனக்குச் சிரிப்பு வந்துவிடும், கூட்டம் கைதட்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். அவர் 2020-இல் இறந்த பிறகும் நிற்கவில்லை. நிஜத்தில் எனக்குச் சுமாராகத்தான் பாட வரும். போன மாதம் இந்த நினைப்பில் என் ஸ்டாப்பையே தவறவிட்டேன். முருங்கைக்காய் நறுக்கும்போது என் வாய் அசைவதை மகள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். அவள் கல்லூரி இரண்டாம் வருடம், பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழு மேல் பைத்தியம். "அந்தக் கொரியாக்காரனுங்க உனக்குச் சோறு போடுவாங்களா?" என்று ஒருநாள் திட்டினேன். "உனக்கு எஸ்.பி.பி. போட்டாரா?" என்று கேட்டுவிட்டாள். கணவர் "வயசுக்கேத்த மாதிரி இரு" என்கிறார். அவரே தினமும் ராத்திரி போனில் சச்சினின் பழைய ஷார்ஜா ஆட்டத்தைப் பார்ப்பவர்தான். என் நாத்தனாரோ "ஆசையை அடக்கி வைக்காதீங்க அண்ணி" என்று கோயில் விழா கரோக்கி நிகழ்ச்சிக்கு என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். இது ஏதாவது நோயா? நிறுத்திக்கொள்ள வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புத் தோழிக்கு,

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நோய் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. எப்போது கவலைப்பட வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு உறுத்தியது வேறு விஷயம். ஒரு மேடை, ஒரு புடவை, ஒரு பாட்டு. இவ்வளவுதான் விஷயம். இதை எழுதுவதற்குள் "தப்பாக நினைக்காதீர்கள்" என்று மூன்று இடத்தில் போட்டிருக்கிறீர்கள். கடிதத்தைச் சுருக்கும்போது நாங்கள்தான் அவற்றை எடுத்துவிட்டோம்.

இந்த வெட்கம் பழையது. மனதை ஆராய்ந்த ஆஸ்திரிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1908-இல் பகல் கனவு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரியவர்கள் செய்த தப்பைக்கூட ஒத்துக்கொள்வார்கள், மனதில் ஓடும் கற்பனையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். தனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் ஓடுகிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்களாம். உங்கள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வருகிறாரே ஒருவர், அவர் மனதுக்குள் எந்த ஊரில் எத்தனை ஏக்கர் வாங்கிக்கொண்டிருக்கிறாரோ, யார் கண்டது?

அதே கட்டுரையில், நிறைவாக இருக்கிறவர்கள் இப்படிக் கற்பனையில் மிதப்பதில்லை, குறை உள்ளவர்கள்தான் மிதக்கிறார்கள் என்றும் ஃப்ராய்ட் சொல்லிவிட்டார். இங்கே எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. அவருக்குப் பின்னால் வந்த அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் சிங்கர் பல பத்தாண்டுகள் பகல் கனவையே ஆராய்ந்தவர். நல்லபடியாக இருக்கிற சாதாரண மனிதர்களும் இதைச் செய்கிறார்கள், இதில் நன்மையும் உண்டு என்பதுதான் அவர் கண்டது. ஆகவே, யாராவது "உனக்கு வீட்டில் என்ன குறை?" என்று கேட்டால் பதில் தேடி அலையாதீர்கள்.

நமக்குச் சின்ன வயதிலேயே பயம் காட்டிய கதை ஒன்று உண்டு. பஞ்சதந்திரக் கதை. மாவுப் பானையைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டுப் படுத்திருக்கும் ஒருவன், மாவை விற்று ஆடு, ஆட்டை விற்று மாடு, அப்புறம் வீடு, பெண்டாட்டி, பிள்ளை என்று போய்க்கொண்டே இருப்பான். கனவில் பெண்டாட்டி மேல் கோபம் வந்து காலை வீச, பானை உடைந்து மாவெல்லாம் அவன் தலையில் கொட்டும். கனவு காணாதே என்று இதற்கு நீதி சொல்வார்கள். என்னைக் கேட்டால், பானையைக் கால் எட்டுகிற இடத்தில் தொங்கவிட்டதுதான் தப்பு. (பெண்டாட்டியை உதைக்கிற மாதிரி கனவு கண்டதும் தப்பு, அது தனிப் பஞ்சாயத்து.) உங்கள் பானை அந்த பஸ் ஸ்டாப். இறங்குவதற்கு ரெண்டு ஸ்டாப் இருக்கும்போதே ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள். ரோட்டைக் கடக்கும்போது காதில் எதுவும் வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் மறைக்கக் கூடாது. 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு பேர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரின் போனுக்கு அவ்வப்போது கேள்வி அனுப்பி, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டதில் 46.9 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. அப்படி அலைந்தபோது மகிழ்ச்சி குறைவாக இருந்தது, இனிமையான நினைப்பில் இருந்தவர்கள்கூடச் செய்கிற வேலையில் மனதை வைத்திருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்பது அவர்கள் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் எதன் மேல் மனதை வைப்பது? முதுகில் இடிக்கும் ஸ்கூல் பை மேலா? சில்லறைக்காக நடக்கும் சண்டை மேலா? மகள் பேசும்போதோ, பள்ளியில் கணக்கைக் கூட்டும்போதோ எஸ்.பி.பி. வந்து நின்றால் அவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் வந்தால் வரட்டும்.

அவர் இறந்த பிறகும் இது நிற்கவில்லை என்பதை ஏதோ வினோதம் போலக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தக் குரல் எப்படி வந்து சேர்ந்தது என்று யோசியுங்கள். வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலி, அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்', டேப் ரிக்கார்டர், டீக்கடை, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர். பத்திலிருந்து இருபது சொச்சம் வயது வரை கேட்ட பாட்டுதான் மனதில் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது என்கிறார்கள் உளவியல்காரர்கள். அந்த வயதில் அவரை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எல்லோருக்கும் அவர் குரலாகத்தான் கிடைத்தார். அந்தக் குரல் இன்றைக்கும் இருக்கிறது. இதில் துக்கம் அனுசரிக்கும் முறை என்று எதுவும் கிடையாது. அடுத்த கச்சேரியைத் தாராளமாக நடத்துங்கள்.

உங்கள் கணவர் பார்க்கும் ஆட்டம் 1998 ஏப்ரல் ஆட்டமாகத்தான் இருக்கும். மணல் புயல் அடித்து நின்று, மறுபடி தொடங்கி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக சச்சின் 143 அடித்தாரே, அது. அன்றைக்கு இந்தியா தோற்றது என்பது அவருக்குத் தெரியும். ரெண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில் சச்சின் 134 அடித்து நாம் ஜெயித்ததும் தெரியும். எந்தப் பந்து சிக்ஸர் போகும் என்பதுகூடத் தெரியும். தெரிந்தும் தினமும் பார்க்கிறார். அதை யாரும் வயசுக்குப் பொருந்தாதது என்று சொல்வதில்லை. வீட்டு ஆண்கள் பழைய கிரிக்கெட்டில் மூழ்கினால் அது விளையாட்டு ஆர்வம், பெண்கள் பழைய பாட்டில் மூழ்கினால் கிறுக்கு. சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த தடவை "வயசுக்கேத்த மாதிரி" என்று ஆரம்பித்தால், "சச்சின் ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு தோசைக்கல்லைத் திருப்பிக்கொள்ளுங்கள். மேடை, புடவை விவரமெல்லாம் அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு கூடாது என்பது பணத்துக்கும் உடம்புக்கும் சொன்னது.

மகள் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. எஸ்.பி.பி. மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1969-இல் வந்த 'அடிமைப்பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பாட அவருக்கு வாய்ப்பு வந்தது. அப்போது எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த பையன். ஒத்திகை எல்லாம் முடிந்த நேரத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். வேறு யாரையாவது பாட வைத்திருப்பார்கள் என்றே நினைத்திருந்தார். உடம்பு தேறி வந்து பார்த்தால், எம்.ஜி.ஆர். அவருக்காகவே காத்திருந்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடப் போகிறேன் என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருப்பான், வேறு ஒருவர் பாடிவிட்டால் பையன் மனசு உடைந்துபோகும் என்பது அவர் சொன்ன காரணம். அத்தனை பெரிய நட்சத்திரம், முகம் தெரியாத ஒரு மாணவன் கட்டிய மனக்கோட்டையை மதித்து நின்றார். சமையலறையில் நிற்கும் நாமோ நம் பிள்ளையுடையதை ஒரே கேள்வியில் இடித்துத் தள்ளுகிறோம்.

பி.டி.எஸ். 2013-இல் தொடங்கிய குழு, ஏழு பையன்கள், ரசிகர்களுக்கு ஆர்மி என்று பெயர். இதற்கு மேல் நீங்கள் படித்துவிட்டு வர வேண்டாம், அவளே சொல்வாள். "எந்தப் பாட்டை முதலில் கேட்டே?" என்று கேளுங்கள். "இதில் ஹீரோ யாரு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அங்கே ஏழு பேரும் ஹீரோதான். மொழி புரியாமல் என்ன பாட்டு என்று உதடு வரை வந்தால், 'சங்கராபரணம்' நினைவுக்கு வரட்டும். தெலுங்கிலேயே தமிழ்நாட்டில் சக்கைப்போடு போட்ட படம். ஒரு வரிக்கு அர்த்தம் தெரியாமல் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பாட்டுகளை முணுமுணுத்துத் திரிந்தார்கள். உங்கள் எஸ்.பி.பி.க்கு முதல் தேசிய விருது வாங்கிக்கொடுத்ததும் அதுதான்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? இந்நேரம் போனில் தேடிப் பார்த்திருப்பீர்கள். இஸ்ரேலைச் சேர்ந்த ஈலி சோமர் என்ற உளவியலாளர் 2002-இல் விவரித்த, வாழ்க்கையைக் கெடுக்கும் பகல் கனவு பற்றிய கட்டுரைகள் வந்திருக்கும். பாட்டு கேட்டதும் கனவு தொடங்குவது என்ற அடையாளத்தைப் படித்துவிட்டுத் திக்கென்று இருந்திருக்கும். அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே சொல்லப்படுகிறவர்களுக்கு ஒரு நாளில் மணிக்கணக்காகக் கனவிலேயே போய்விடுகிறது. வேலை, தூக்கம், மனிதர்கள் எல்லாம் கெட்டு, நிறுத்த நினைத்தாலும் முடியாமல் தவிக்கிறார்கள். டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய்ப் பட்டியலில் அது தனி நோயாகச் சேர்க்கப்படவும் இல்லை. நீங்கள் ஸ்டாப் வந்தால் இறங்குகிறீர்கள், ஒரு தடவை தவறவிட்டதற்கு இதழுக்குக் கடிதம் போடுகிறீர்கள். கனவை விட்டு வெளியே வரவே பிடிக்கவில்லை, வெளியே எல்லாமே வெறுப்பாக இருக்கிறது என்று எப்போதாவது தோன்றினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக உங்கள் நாத்தனார். நல்ல மனசு, ஆனால் விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். பகல் கனவு என்றாலே அது நிறைவேறாத ஆசை, அதைச் சாதித்துக் காட்ட வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அத்தனை வருடக் கச்சேரியில் ஒருநாளாவது ஒத்திகை நடந்திருக்கிறதா? தொண்டை கட்டி, சுருதி சேராமல், ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடியது உண்டா? பாட்டுக்காரி ஆக நினைக்கிறவர்களின் கனவில் அதுவும் வரும். உங்கள் கனவில் புடவைக் கலர் இருக்கிறது, அவர் செய்யும் குறும்பு இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அவ்வளவும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கோயில் மேடையில், மைக் கீச்சிட, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, சுமாரான குரலில் ஜானகி அம்மா பாட்டைப் பாடிவிட்டு இறங்கினால் இந்தக் கச்சேரியே நின்றுபோகும் என்பது என் பயம்.

பாடிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே உள்ளுக்குள் அரித்தால் அது வேறு. அப்போது பாட்டு டீச்சரிடம் போங்கள், கரோக்கி வேண்டாம். அப்படி எதுவும் இல்லை என்றால், நாத்தனாரை இந்த வாரமே கூப்பிட்டு, "எனக்குக் கேட்கத்தான் பிடிக்கும்மா" என்று சொல்லிப் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டால் அப்புறம் கஷ்டம்.