பேண்டம் கோழி: வாசகர் கேள்வியும் நம்ம பதிலும்

கேள்வி: அக்கா, நாங்க தலவாக்கலை பக்கம் தோட்டத்து லயத்தில இருக்கோம். சித்திரை மாசம் பேண்டம்னு சொல்ற குட்டி சாதிக் கோழியில ஒரு சேவலும் ரெண்டு பெட்டையும் வாங்கினோம். மழை தொடங்கினதும் குளிரும்னு பயந்து கூட்டை சுத்தி உரபேக் அடிச்சு ஒரு ஓட்டை இல்லாம மூடிட்டோம். இப்ப மூணுமே தும்முது, ஒரு பெட்டைக்கு கண்ணுல நுரை மாதிரி வருது. இன்னும் ஏதாவது போத்தி விடணுமா?
(ஒரு தங்கச்சி, தலவாக்கலை)

பதில்: தங்கச்சி, முதல்ல போய் அந்த உரபேக்க கூரைக்கு கீழ ஒரு சாண் அகலத்துக்கு சுத்திவர வெட்டி விட்டுட்டு வாங்க, மிச்சத்த பிறகு வாசிக்கலாம்.

கோழிக்கு உடம்பு சூடே 41 பாகைக்கு மேல. இறகு அதுக்கு கம்பளி மாதிரி, சிலிப்பி விட்டு குந்திடுச்சுன்னா நம்ம மலைநாட்டு குளிர தாங்கிக்கும். தாங்க ஏலாதது ஈரம். ராத்திரி முழுக்க கோழி விடுற மூச்சிலயும் ஈரம், போடுற எச்சத்திலயும் ஈரம், அது வெளிய போக வழி இல்லாம உள்ளுக்கே சுத்துது, எச்சத்திலருந்து அமோனியா கிளம்பி மூச்சுக்குழாய புண்ணாக்கி விடுது, அதுக்கு பிறகு எந்த கிருமி வந்தாலும் லேசா புடிச்சுக்கும். நாளைக்கு வெள்ளன 5 மணிக்கு கூட்டுக் கதவ தொறந்து உங்க தலைய உள்ள விட்டு மூக்கால ஒரு மூச்சு இழுத்து பாருங்க. கண்ணு எரிஞ்சா, அந்த காத்துலதான் உங்க கோழி 12 மணித்தியாலமா இருந்திருக்கு.

காத்து கோழிக்கு மேலால போகணும், கோழி மேல அடிக்க கூடாது, அதனாலதான் ஓட்டை கூரை கிட்ட இருக்கணும்னு சொல்றேன். குந்துற கம்பு 2 அங்குலமாவது அகலமா தட்டையா இருக்கட்டும், அப்பதான் கால் விரல வயித்து இறகால மூடிக்கிட்டு தூங்கும். கீழ தச்சு பட்டறையில கிடைக்கிற சீவல் சுருள் இல்லன்னா காஞ்ச உமி போடுங்க, மா மாதிரி இருக்கிற மரத்தூள் வேணாம், அது நெஞ்சுக்குள்ள போகும். ஒரு கை அள்ளி இறுக்கி புடிச்சுட்டு விரிச்சு பாருங்க, உதிர்ந்தா சரி, உருண்டையா நின்னா அன்னைக்கே மாத்தணும். உங்க பக்கம் மே மாசம் புடிச்சா செப்டம்பர் வரைக்கும் மழைதானே, அதனால இத வாரா வாரம் பாக்கணும்.

கண்ணுல நுரை வர்ற பெட்டைய உடனே தனியா வைங்க, தண்ணி கோப்பையும் தனி. அது வெறும் தடிமன் இல்ல, மருந்து வேணும், கிட்ட இருக்கிற மிருக வைத்தியர்கிட்ட காட்டுங்க. வீட்டுல மிஞ்சின மனுச மருந்து வில்லைய உடைச்சு குடுக்காதீங்க. நானும் என் முதல் மழைக்காலத்துல தகரம் அடிச்சு இதே மாதிரி மூடி வச்சு 2 பெட்டைய பறிகொடுத்தேன், அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

கேள்வி: பேண்டம் முட்டை ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு? தீன் காணாதா? இது எந்த ஊர் கோழி?
(நுவரெலியா வாசகர்)

பதில்: தீன் குறையில்ல, உடம்பே அவ்வளவுதான். கிலோவுக்கு உள்ள நிக்கிற கோழி 35 கிராம் அளவுல முட்டை போடுறதே பெரிய விசயம். கடை முட்டை 2 போடுற இடத்துல இத 3 போடுங்க, கணக்கு சரியா வரும். மஞ்சள் கரு நல்லா நிறைஞ்சு இருக்கும், ரொட்டிக்கு பொரிச்சு பாருங்க. பேரு இந்தோனேசியாவுல ஜாவா தீவு துறைமுகத்தோட பேரு, இப்ப பண்டென்னு சொல்றாங்க, அங்கருந்து கப்பல்ல போன குட்டிக் கோழிகளுக்கு அந்த ஊர் பேரே ஒட்டிக்கிச்சு.

இன்னொன்னு, வாங்கும்போதே கால்ல இறகு வச்ச பீக்கின் மாதிரி வகையும், பஞ்சு மாதிரி இறகு இருக்கிற சில்க்கியும் வேணாம்னு சொல்லுவேன். அழகுதான், ஆனா ஒண்ணுக்கு கால்ல சேறு கட்டிக்கும், மத்ததுக்கு மழை தண்ணி வழிஞ்சு ஓடாம உள்ளுக்கு ஊறிடும். கூரைக்கு கீழயே வச்சு வளக்க இடமிருந்தா சரி.

கேள்வி: என் பேண்டம் பெட்டை 12, 13 முட்டை போட்டா போதும், உடனே அடைக்கு படுத்துக்குது. அம்மா தண்ணில முக்கி எடுக்க சொல்றாங்க, பக்கத்து வீட்டு பெரியம்மா மூக்குல இறகு கோத்து விட சொல்றாங்க. எது சரி?
(பண்டாரவளை தம்பி)

பதில்: ரெண்டுமே வேணாம் தம்பி, மன்றாடி கேக்கிறேன். நம்ம குளிருக்கு நனைஞ்ச கோழி காய ஒரு பகல் போயிடும், அதுக்குள்ள சளி. மூக்குல இறகு கோக்கிறது அதுக்கு வேதனை மட்டும்தான். பெரியவங்க அந்த காலத்துல முட்டை வேணும்னு செஞ்சாங்க, அவங்கள குறை சொல்லல, நமக்கு இப்ப வேற வழி தெரியும்.

அடைக்கோழிக்கு வயித்துக்கு கீழ சூடு வேணும்னு உடம்பு கேக்குது. அந்த சூட்ட எடுத்துட்டா போதும். கம்பி வலை அடி வச்ச சின்ன கூடு ஒண்ண ரெண்டு கல்லு மேல தூக்கி வச்சு, வைக்கோல் எதுவும் போடாம, வெளிச்சமான இடத்துல தீனும் தண்ணியும் குடுத்து பகல் ராத்திரி உள்ளயே விடுங்க, மழை மட்டும் படாம பாத்துக்குங்க. கீழால காத்து போய் வயிறு ஆறிடும், 3, 4 நாள்ல எழும்பி நடக்கும். கிட்ட போனா இறகு சிலிப்பி கொக்கரிக்கிறத விட்டுடுச்சுன்னா தெளிஞ்சுட்டுன்னு அர்த்தம். அதுக்கு பிறகும் முட்டைக்கு ரெண்டு மூணு வாரம் காத்திருக்கணும்.

ஆனா என்கிட்ட கேட்டா, வருசத்துக்கு ஒரு தடவையாவது அடை இருக்க விடுங்க. பேண்டம் மாதிரி தாய்க்கோழி வேற கிடைக்காது. அதோட சொந்த முட்டைன்னா 6, 7, நாட்டுக்கோழி முட்டைன்னா 4, அதுக்கு மேல நெஞ்சுக்கு கீழ அடங்காது. 21 நாள். 7ஆம் நாள் ராத்திரி இருட்டுல டோர்ச்ச முட்டையோட தடிச்ச பக்கம் வச்சு பாத்தீங்கன்னா சிலந்தி கால் விரிச்ச மாதிரி சிவப்பு நரம்பு தெரியும், நடுவுல ஒரு கறுப்பு புள்ளி அசையும். ஒண்ணும் தெரியாம வெறும் வெளிச்சமா இருந்தா அந்த முட்டைய எடுத்துடலாம். ஒரு நாளைக்கு ஒரு தடவ தாய இறக்கி தீன் தின்ன விடுங்க, சிலது எழும்பாமலே கிடந்து எலும்பும் தோலுமா போயிடும். குஞ்சு வந்ததும் தண்ணி தட்டுல கூழாங்கல் போடுங்க, இல்லன்னா விழுந்து செத்துடும்.

கேள்வி: சேவல் இல்லாம பெட்டை முட்டை போடுமா? லயத்துல கூவுற சத்தத்துக்கு சண்டை வருது.
(மஸ்கெலியா)

பதில்: நல்லா போடும். குஞ்சு வேணும்னாத்தான் சேவல். ஒரே கூரைக்கு கீழ பத்து குடும்பம் இருக்கிற இடத்துல விடிய 4 மணிக்கு கூவினா அடுத்த காம்பராகாரர் கோவிக்கிறது நியாயம்தானே. சேவல தோட்டம் தள்ளி இருக்கிற யாருக்காவது குடுத்துடுங்க.

கேள்வி: உருளைக்கிழங்கு தோல், மரக்கறி கழிவெல்லாம் போடலாமா?
(வெலிமடை)

பதில்: கரட் இலை, கோவா இலை தாராளமா, ஆனா மருந்தடிச்ச தோட்டத்து இலையா இருந்தா வேணாம். பச்சை ஏறின உருளைக்கிழங்கு தோலும் முளையும் விசம். பட்டர் புரூட் தோலும் கொட்டையும் கோழிக்கு ஆகவே ஆகாது. முட்டை போடுற கோழிக்கு லேயர் தீன்தான் முக்கால்வாசி இருக்கணும்.

கேள்வி: ஒரு பெட்டை ரெண்டு நாளா மூலையில வாலை தாழ்த்தி நிமிர்ந்து நிக்குது, முக்குது, முட்டை வரல. அதுக்கு முன்னால ஓடு கட்டாத தோலு முட்டை போட்டுச்சு.
(பதுளை அக்கா)

பதில்: அக்கா, கடிதம் வந்து சேர்றதுக்குள்ள என்ன ஆச்சோன்னு மனசு அடிச்சுக்குது. முட்டை உள்ள சிக்கியிருக்கு. பேண்டத்துக்கு உடம்பு சின்னது, இது வந்தா நேரம் கம்மி. இனி யார் வீட்டுலயாவது இப்படி நின்னா, கை பொறுக்கிற இளஞ்சூட்டு தண்ணில வயிறு மூழ்குற அளவுக்கு 15, 20 நிமிசம் மெதுவா புடிச்சு வைங்க, தொவாயால நல்லா ஒத்தி காய வச்சு, அடுப்படி பக்கம் சூடான இருட்டு பெட்டியில விடுங்க. அழுத்தி எடுக்கவோ உள்ளுக்கே உடைக்கவோ கூடாது, ஓடு கிழிச்சுடும். சில மணித்தியாலத்துல வரலன்னா வைத்தியர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

தோலு முட்டைதான் முன்னறிவிப்பு. ஒரு முட்டைக்கு ஓடு கட்ட 20 மணித்தியாலம் அளவுல எடுக்கும், அந்த சுண்ணாம்புச்சத்து தீன்ல இல்லன்னா எலும்புலருந்து போகும். சிப்பி ஓட்ட நுணுக்கி தனி சிரட்டையில வைங்க, தீனோட கலக்காதீங்க, தேவையானது தானா கொத்திக்கும்.

கேள்வி: காட்டுச் சேவல் ஒண்ணு விடிய வந்து எங்க பேண்டம் பெட்டையோட மேயுது. புடிச்சு வளக்கலாமா?
(அப்புத்தளை)

பதில்: கூடாதுங்க. அது இலங்கையில மட்டும் இருக்கிற சாதி, நம்ம தேசிய பறவை, சட்டமும் பாதுகாக்குது. கொண்டையில சிவப்புக்கு நடுவுல மஞ்சள் திட்டு இருக்கும், ஜன்னலாலயே பாத்து சந்தோசப்படுங்க. என் பயம் என்னன்னா நம்ம கோழி நோய் அதுக்கு போகும், அது கொண்டு வர்றது நம்மளுக்கு வரும். தீன முத்தத்துல இறைக்காம கூட்டுக்குள்ள வச்சு, மிஞ்சினத பின்னேரம் எடுத்துடுங்க, ஒரு வாரத்துல அது காட்டுப்பக்கமே மேய போயிடும்.