மட்டக்களப்பு வெயிலும் டிக்கோயா பனிமூட்டமும்: மச்சான் சொன்ன சோலருக்காக நகையில் இன்னும் 3 லட்சம் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் டிக்கோயாவில் பாடசாலை ஆசிரியர், வயது 43. பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு 68 ஆயிரம் வருகிறது. மனைவி வீட்டில் தைக்கிறார், மாதம் ஒரு 15 ஆயிரம் கிடைக்கும். இரண்டு பிள்ளைகள். கரண்ட் பில் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது, போன மாதம் 190 யூனிட். மட்டக்களப்பில் இருக்கும் மனைவியின் அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் 5 கிலோவாட் சோலர் போட்டார். மாதம் 600 யூனிட் வருகிறது, பில்லே இல்லை என்கிறார். இப்போது அந்த வேலையையே பகுதிநேரமாகச் செய்கிறார், எங்களுக்கும் 10 லட்சத்துக்கு விலை போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் 6 பவுண் நகை 2021இல் என் தம்பியின் ஓட்டோவுக்காக அடகு வைத்தது, இன்னும் மீட்கவில்லை. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகையில் இன்னும் 3 லட்சம் எடு, மிச்சம் 7 லட்சத்தை 12 வீத வட்டிக்கு வங்கியில் ஏழு வருடக் கடனாக எடு, கூரையே கடனைக் கட்டிவிடும் என்கிறார் மச்சான். மனைவிக்கும் ஆசை. மறுத்தால் மனஸ்தாபம் வரும். என்ன செய்வது?

பதில்: சோலர் என்றால் என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் மச்சான் வேண்டிய அளவு சொல்லியிருப்பார். நான் உங்களிடம் கேட்டது அடகு ரசீதுகளின் படத்தைத்தான். அனுப்பினீர்கள், நன்றி. சோலரை விட்டுவிட்டு முதலில் அதைப் பேசுவோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் பணம் ஒழுகுகிற இடம் கூரை இல்லை.

2021 நடுவில் தம்பியின் ஓட்டோ முன்பணத்துக்காக 1 லட்சத்து 80 ஆயிரம் எடுத்தீர்கள். அடுத்த வருடம் அதே நகையை மறுபடி அடகு வைக்கும்போது, அக்கா மகளின் சடங்குக்காக இன்னொரு 60 ஆயிரம். 2024இல் மாமனார் வீட்டுக் கூரைத் தகரத்துக்கு 50 ஆயிரம். ஆக உங்கள் கைக்கு வந்தது 2 லட்சத்து 90 ஆயிரம், அதிலும் ஒரு சதம் உங்கள் வீட்டுக்குச் செலவாகவில்லை. இன்று ரசீதில் நிற்பது 4 லட்சத்து 60 ஆயிரம். இடையில் இருக்கும் 1 லட்சத்து 70 ஆயிரமும் வட்டி. அந்த வட்டியை நீங்கள் பையிலிருந்து கட்டவே இல்லை. வருடா வருடம் தங்கம் விலை ஏறியது, வங்கியும் அதே வளையலுக்குக் கூடுதலாகத் தந்தது, தந்த பணத்திலேயே பழைய வட்டியைக் கழித்துப் புது ரசீது எழுதிக் கொடுத்தார்கள். காசு எதுவும் கட்டாமல் வெளியே வந்ததால் அது உங்களுக்குச் செலவாகவே தெரியவில்லை. 2022, 2023இல் வட்டி எந்த உயரத்தில் நின்றது என்பது நினைவிருக்கும், அந்த இரண்டு வருடமும் இப்படியேதான் ரசீது மாறியிருக்கிறது.

இப்போது ஏறுகிற வட்டி 13 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வருடம் ஏறக்குறைய 60 ஆயிரம், மாதத்துக்கு 5 ஆயிரம். நீங்கள் பயப்படுகிற கரண்ட் பில் 7 ஆயிரத்துச் சொச்சம். பில் கதவுக்கு வருகிறது, அதனால் கோபம் வருகிறது. வட்டி ரசீதுக்குள் சத்தமில்லாமல் ஏறுகிறது. இந்த நிலைமையில் அதே நகையில் இன்னும் 3 லட்சம் எடுப்பது பற்றி என் பதில் ஒன்றுதான், வேண்டாம். சோலர் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே வேண்டாம்.

சரி, சோலர் கணக்கையும் பார்ப்போம், மச்சானிடம் பேச உங்களுக்கு அது தேவைப்படும்.

உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை. மட்டக்களப்பு மாதிரிக் கரையோர ஊரில், வெயில் வாட்டுகிற இடத்தில், ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்பது நியாயமான சராசரி. 5 கிலோவாட்டுக்கு மாதம் 600. உப்புக்காற்றில் சட்டமும் ஆணியும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் அவருக்கு அது நல்ல முதலீடுதான், அதுவும் வீட்டில் ஏசி ஓடுகிறது என்றால் நிச்சயமாக. மாதம் 500 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு 2025 ஜூன் கட்டணப்படி பில் 26 ஆயிரம் வரும், 180க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 61 ரூபா. அதை அழிக்கிற சோலர் மூன்று நாலு வருடத்தில் போட்ட காசை எடுத்துவிடும்.

உங்கள் கூரை டிக்கோயாவில் இருக்கிறது. ஜூலை மாதத்துக் காலை பத்து மணிக்கு உங்கள் வாசலில் நின்றால் எதிர் மேட்டு லயத்தின் கூரை தெரியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிப்பது ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம்தான். பக்கத்தில் வட்டவளை நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நிரம்புவது அந்த மேகத்தால், அந்த மேகம் உங்கள் பேனலுக்கு மேலேயும்தான் நிற்கும். நல்ல வெளிச்சம் கிடைப்பது சிவனொளிபாதமலை சீசனில், முக்கியமாக ஜனவரியிலிருந்து மார்ச் வரை. குளிரில் பேனல் நன்றாக வேலை செய்யும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள், அது உண்மை, சூடு ஏறினால் பேனலின் திறன் குறையும். ஆனால் குளிர் தருகிற அந்தச் சின்ன இலாபம் மூடுபனி எடுக்கிற வெளிச்சத்தை ஈடுகட்டாது. பண்டாரவளை, வெலிமடை பக்கம் இருக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஊவாச் சரிவில் அந்த மாதங்களில் வெயில் இருக்கும், அங்கே மழை பிந்தி வரும், கணக்கு வேறு.

உங்கள் வீட்டுக்கு வருட சராசரியாக மாதம் 400 யூனிட்டுக்கு மேல் நான் எழுத மாட்டேன். அதில் 190 உங்கள் பாவனைக்குப் போகும், அதனால் அதே 2025 ஜூன் கட்டணப்படி மிச்சமாவது 5,100 ரூபா. நிலையான கட்டணம் 2,100ஐ இதில் நான் சேர்க்கவில்லை. மிச்சம் 210 யூனிட்டை மின்சாரம் வழங்குகிறவர்களுக்கே விற்கலாம். என்ன விலைக்கு? 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு வருடத்துக்கு 22 ரூபா, அப்புறம் 15.50. நெருக்கடிக்குப் பிறகு விலை ஏறியது, 2025இல் புது ஒப்பந்தங்களுக்கு மறுபடி இறங்கியது, 5 கிலோவாட் வரையான வீட்டுக்கு 21 ரூபாவை ஒட்டி. மச்சான் கையெழுத்துப் போட்ட விலை உங்களுக்குக் கிடைக்காது. 210 யூனிட்டுக்கு 4,400 என்று வைத்தால் இரண்டும் சேர்த்து 9,500.

செலவுப் பக்கம்: 7 லட்சத்துக்கு 12 வீதத்தில் ஏழு வருடம் என்றால் தவணை 12,350. நகையில் எடுக்கிற 3 லட்சத்துக்கு வட்டி மட்டும் 3,250. மொத்தம் 15,600. கூரை 9,500 தருகிறது, மாதம் 6 ஆயிரம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும், ஏழு வருடம். அப்புறமும் அந்த 3 லட்சத்தின் முதல் அப்படியே நிற்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதிரி விற்க யூனிட் குறைவாக மிஞ்சுகிற மாதங்களில் துண்டு விழுவது 6 ஆயிரத்தோடு நிற்காது. தைத்து வருகிற 15 ஆயிரத்தில் பாதிக்குக் கிட்ட இதற்கே போய்விடும் என்பதை உங்கள் மனைவியிடம் யாராவது சொன்னார்களா?

கரண்ட் போனால் சோலர் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். இருக்காது. பேட்டரி இல்லாமல் மின்சார லைனோடு இணைத்த சாதாரண ஒன்-கிரிட் சோலர், லைனில் கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும், லைனில் ஏறி வேலை செய்கிறவர்களின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. உங்கள் பக்கம் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் உங்கள் வீடும் இருட்டுத்தான். இப்போது புதிதாகப் பேட்டரியோடு போடச் சொல்கிறார்கள், இரவில் ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில் விற்றால் இரட்டிப்புக்கும் மேல் விலை என்கிறார்கள். விலை உண்மைதான். பேட்டரி செலவு, அதன் ஆயுள், பனிக்காலத்தில் அது நிரம்புமா என்ற மூன்றையும் கேட்காமல் கடனுக்கு வாங்குகிற பொருள் இல்லை அது. போதாததற்கு 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைவு என்று, கூரைச் சோலரைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. தவணையை அப்படி அணைத்து வைக்க முடியாது.

இனி உங்கள் பில். பனிமலையில் ஃபேன் இல்லை, ஏசி இல்லை, நாலு பேர் வீட்டில் 190 யூனிட் எப்படி வருகிறது? குளியலறையில் இருக்கிற சுடுதண்ணீர் ஷவரின் பக்கவாட்டு லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் 3500 வாட் என்று இருக்கும். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம், நாலு பேருக்கு நாற்பது நிமிடம், நாளுக்கு 2.3 யூனிட், மாதம் 70. உங்கள் பில்லின் மிக விலை கூடிய 70 யூனிட் அதுதான். அது இல்லாமல் 120இல் நின்றால், அதே கட்டணத்தில் பில் 7,200 அல்ல, 3,000 சொச்சம், ஏனென்றால் 61 ரூபா, 41 ரூபா படிகளை விட்டு இறங்குகிறீர்கள், நிலையான கட்டணமும் ஆயிரமாகக் குறைகிறது. மாதம் 4 ஆயிரத்துக்கு மேல் மிச்சம், ஒரு சதம் கடன் இல்லாமல்.

டிக்கோயாவில் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் வீட்டுக் குசினியில் விறகு அடுப்பு இன்னும் இருக்கிறது என்றீர்கள். காலையில் தேத்தண்ணி வைக்கிற அதே நெருப்பில், இரண்டு பிடி தேயிலைக் கவ்வாத்து மிளாறைக் கூடப் போட்டு ஒரு பெரிய பானைத் தண்ணீர் வைத்தால் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வாளியில் கலந்து போதும். நீங்களும் மனைவியும் ஷவரை நாலு நிமிடத்தோடு நிறுத்துங்கள். 120க்கு இறங்காவிட்டாலும் 140க்குள் வந்துவிடும், அப்போதும் மூவாயிரம் வரை மிச்சம்.

அந்த மிச்சத்தை அடகுக்குக் கட்டுங்கள். அடகுக் கடனைப் பகுதி பகுதியாகக் கட்ட முடியும், கவுண்டரில் கேட்டாலே சொல்வார்கள், நிறையப் பேர் கேட்பதில்லை. மனைவியின் சீட்டு மார்ச்சில் 1 லட்சத்து 20 ஆயிரம் விழும் என்று எழுதியிருந்தீர்கள், அது முழுக்க இதற்குத்தான். இரண்டு ரசீதாக இருப்பது நல்லது. வளையல் இருக்கிற சின்ன ரசீதை அந்தச் சீட்டுக் காசில் மீட்டு, தாலிக்கொடியைத் தொடாமல், அந்த வளையலை விற்றுப் பெரிய ரசீதில் கட்டலாம். விற்பதா என்று மனைவிக்கு வலிக்கும், எனக்கு அது புரிகிறது. ஆனால் இன்றைய விலையில் 2 பவுணுக்குள் விற்றாலே மொத்த அடகும் தீர்ந்து 4 பவுண் வீட்டுக்கு வருகிறது. விற்காமல் இப்படியே திருப்பித் திருப்பி வைத்தால் 6 பவுணும் உங்களுடையது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆத்திர அவசரத்துக்கு ஒரு மோதிரம்கூடக் கையில் இருக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பாதை அறுந்து, கரண்ட் நாள்கணக்கில் இல்லாமல், வேலைக்கும் போக முடியாமல் எத்தனை குடும்பம் நின்றது. அந்த மாதிரி ஒரு வாரத்தில் உதவுவது அலுமாரியில் இருக்கிற நகை, வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது இல்லை.

தம்பி. ஓட்டோ நாலு வருடமாக ஓடுகிறது, அவர் உழைக்கிறார், நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். இதை ஒரு தடவையாவது அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அண்ணனாகச் சண்டை போடச் சொல்லவில்லை. அந்த ரசீதைக் காட்டி, "தம்பி, உனக்காக வைத்தது 1 லட்சத்து 80 ஆயிரம், இனி மாதம் ஐயாயிரம் என் கணக்குக்குப் போடு" என்று தொகையோடும் தேதியோடும் சொல்லுங்கள். பெரும்பாலான தம்பிமார் கேட்காததால்தான் தருவதில்லை. அடுத்த சடங்கு, அடுத்த கூரை வரும்போது மொய் எவ்வளவோ அவ்வளவுதான், நகை போகாது என்று நீங்களும் மனைவியும் இன்றைக்கே பேசி வையுங்கள்.

மச்சானுக்கு இப்படிச் சொல்லுங்கள்: "அடகை மீட்ட பிறகு பார்ப்போம் மச்சான். அதற்குள்ளே டிக்கோயா, நோர்வூட் பக்கம் நீங்கள் போட்ட ஒரு வீட்டின் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பில் மூன்றையும் வாங்கித் தாருங்கள்." பெப்ரவரி பில்லைக் காட்டினால் ஏற்காதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்றால் அந்த மூன்று பில்லையும் தேடித் தருவார், அதில் மனஸ்தாபத்துக்கு என்ன இருக்கிறது? நகை வீட்டுக்கு வந்து, பில் அப்போதும் 180க்கு மேலேயே நின்றால், 2 கிலோவாட் அளவில், விற்காமல் கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிக்கிற நெட் மீட்டரிங் முறையில், கையில் சேர்த்த காசில் போடுவதைப் பற்றி அந்த பில்களோடு எழுதுங்கள், நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.