ஆமைக்குட்டிக்குத் தக்காளி வேண்டாம்

கேள்வி: ஆறு மாத சுல்காட்டா ஆமைக்குட்டிக்குப் பாலக்கீரையும் தக்காளியும் கொடுக்கிறோம். தினமும் கால்சியம் பொடி தூவ வேண்டுமா?
- வாசகி, காட்பாடி

பதில்: முதலில் அந்த இரண்டையும் நிறுத்துங்கள், அம்மா. இது ஆப்பிரிக்கப் புல்வெளி ஆமை, நார்ச்சத்துக்குப் பழகிய வயிறு; அருகம்புல், செம்பருத்தி இலை, முசுக்கட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, இவைதான் அதற்குச் சாப்பாடு. பாலக்கீரையிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. பொடி வாரத்துக்கு 3 நாள், ஒரு சிட்டிகை போதும். ஆனால் வெயில் படாமல் பொடி மட்டும் போட்டால் பயனில்லை, ஏனென்றால் வெயில் பட்டால் உடம்பில் உருவாகும் வைட்டமின் டி3 இல்லாமல் கால்சியம் சரியாகச் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். காலை 8 மணி வெயிலில் அரை மணி நேரம் விடுங்கள், பக்கத்தில் நிழலும் இருக்கட்டும். வேலூர் சித்திரை மதியத்தில் மொட்டை மாடியில் விட்டால் குட்டி செத்தே போகும். அப்புறம், தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் விடுங்கள், தண்ணீர் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு இருந்தால் போதும்.