எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பெற்றோர் கையொப்பம் ஏன் தடையாகிறது?

பரிசோதனைக்கான சம்மத வயது என்பது, பெற்றோரின் கையொப்பமின்றி ஒருவர் தானே எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இசைவு தரக்கூடிய வயது. பல நாடுகளில் அது 18. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைச் சிறுமியோ தெருவில் வாழும் சிறுவனோ, படிவத்தில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற வரியை நிரப்ப முடியாமல் திரும்பிவிடுவதால், தொற்று இருந்தாலும் அது தெரியாமலேயே முற்றுகிறது. தீப்பிடித்த வீட்டில் தண்ணீர் ஊற்றுவதற்கு உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கேட்பதைப் போன்றது இது. காப்பதற்காக எழுதிய விதியே, காக்கப்பட வேண்டியவரை வெளியே நிறுத்துகிறது.

தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 12 வயதிலேயே இந்த உரிமையைத் தருகிறது; பரிசோதனைக்கு முன்னும் பின்னும் முறையான ஆலோசனை வழங்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது பகுதியே, என் பார்வையில், முக்கியமானது.

பரிசோதனைக்கான சம்மத வயதும் பாலுறவுக்கான சம்மத வயதும் ஒன்றல்ல. முதலாவதைக் குறைப்பதால் இரண்டாவது குறைந்துவிடாது.